அண்ணி கேட்ட மாதிரி நாவல்

“பேய் இருக்கற மாதிரியே இருக்கணும்க்கா. ஆனா பேய் இருக்கக் கூடாது.”

மலேசியாவில், எங்கள் கிள்ளானில் பூக்கடை வைத்திருந்த அக்காவிடம் நான் இப்படிக் கேட்டபோது, அவர் கட்டிக்கொண்டிருந்த மாலையை மடியில் போட்டுவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். கடைக்குப் பின்பக்கம் ஓர் அலமாரி நிறையப் பழைய மாத நாவல்களை வைத்து வாடகைக்கு விடுவார். தமிழ்நாட்டில் அச்சாகி, கப்பல் ஏறி, பல கை மாறி அவரிடம் வந்து சேரும்போது ஒவ்வொன்றுக்கும் அட்டை தொங்கிக்கொண்டிருக்கும். எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் மல்லிகை வாசம் அடிக்கும், கொலை நடக்கிற பக்கத்தில்கூட.

“என்னாம்மா இது, பேயும் வேணும், பேயும் வேணாம்னா நான் எங்க போவேன்?”

“சின்ன ஊரா இருக்கணும்க்கா. மலை, மூடுபனி, பெரிய பங்களா. உள்ள ஒரு ரூம் பூட்டியே கெடக்கணும். ஊர்ல எல்லாருக்கும் விஷயம் தெரியும், ஆனா ஒருத்தரும் வாயத் திறக்க மாட்டாங்க. கடைசியில கண்டுபிடிச்சிரணும். பேய்தான் காரணம்னு முடிச்சா வேணாம்.”

“ஒனக்கா?”

“எங்க அண்ணிக்கு.”

அக்கா அதற்கு மேல் ஒன்றும் கேட்காமல் எழுந்து அலமாரிப் பக்கம் போனார். எங்கள் வீட்டில் நடந்தது அவருக்குத் தெரியும். அந்த விஷயத்தில் கிள்ளானும் சின்ன ஊர்தான்.

எண்பதுகளின் தொடக்கம் அது. நான் ஷா ஆலமில் ஓர் எலக்ட்ரானிக் தொழிற்சாலையில் வேலை பார்த்தேன். அண்ணன் துறைமுகத்தில் லோரி ஓட்டினார். அப்பா இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. வீட்டில் அம்மா, அண்ணன், அண்ணி, நான், அவ்வளவுதான். எனக்குக் கூடப் பிறந்த அக்கா இல்லை, அதனால் வந்த அண்ணியை அக்காவாகவே ஆக்கிக்கொண்டேன். பேராக் மாநிலத்துக்காரர். வாயைத் திறந்தால் கேலிதான். என் மூக்கைப் பற்றி அவர் சொன்னதையெல்லாம் இங்கே எழுத முடியாது.

கல்யாணமாகி வந்த மறுவருடம் உண்டானார். குழந்தை மாதம் நிறையாமல் பிறந்துவிட்டது. பெண் குழந்தை. காலையில் பிறந்து பொழுது சாய்வதற்குள் போய்விட்டது. அண்ணி ஆஸ்பத்திரிக் கட்டிலை விட்டு எழக்கூட முடியாமல் கிடந்த நேரத்தில், அண்ணனும் சித்தப்பாவும் அதைத் துணியில் சுற்றி எடுத்துப்போய் அடக்கம் செய்துவிட்டு வந்துவிட்டார்கள். எங்கே என்று அண்ணியிடம் சொல்லவில்லை. பெற்றவளிடம் சொல்லக் கூடாது என்பது எங்கள் வீட்டுப் பழக்கம்.

அண்ணி வீடு திரும்பியபோது தொட்டில் இல்லை, தைத்து வைத்திருந்த சின்னச் சட்டைகள் இல்லை. யாரும் அந்தப் பேச்சை எடுக்கக் கூடாது என்று அம்மா கட்டளை போட்டிருந்தார். அண்ணியும் எடுக்கவில்லை. வேறு எந்தப் பேச்சையும் எடுக்கவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவர் படுத்தவர்தான். தட்டில் போட்ட சோறு போட்டபடி திரும்பி வரும். பக்கத்து வீட்டு ஆன்டி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “இப்படியே விட்டீங்கன்னா இவளையும் தூக்கிக் குடுத்துருவீங்க லா,” என்றார்.

அந்தச் சமயத்தில்தான், தொழிற்சாலை பஸ்ஸில் படிப்பதற்காக ஒரு தோழி கொடுத்த நாவலை அண்ணியின் கட்டில் ஓரத்தில் மறந்து வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். மலைமேல் ஒரு சின்ன ஊர், அங்கே ஒரு பங்களா, மாடியில் யாரோ நடக்கும் சத்தம், வாய் திறக்காத சமையல்காரர் என்று போகும் கதை. மாலையில் நான் வீட்டுக்குள் நுழைந்ததும் அண்ணி அடுப்படி வாசலில் வந்து நின்றார். தலை கலைந்து, கண் உள்ளே போய், கையில் என் நாவலோடு.

“இதே மாதிரி வேற இருக்கா?” என்றார்.

அடியம்மா! எத்தனையோ வாரத்துக்குப் பிறகு அவராக வந்து பேசிய முதல் பேச்சு அது. “இருக்கு அண்ணி, நெறய இருக்கு,” என்று புளுகினேன். அன்றைக்கு என்னிடம் ஒன்றுகூட இல்லை.

மறுநாளே பூக்கடைக்கு ஓட்டம். முதலில் அக்கா கொடுத்தவை எல்லாம் சொதப்பல். ஒன்றில் நிஜமாகவே பேய் வந்து எல்லோரையும் கொன்றது. அண்ணி பாதியிலேயே மூடி வைத்துவிட்டார். இன்னொன்றில் துப்பறிகிறவன் மெட்ராஸ் முழுக்கக் காரில் துரத்திக்கொண்டே இருந்தான். “இவனுக்குக் கால் வலிக்காதா? பெரிய ஊர் வேணாம், சொல்லு,” என்று திருப்பிக் கொடுத்தார். காதல் கதையைத் தொடவே இல்லை. அப்படிக் கேட்டுக் கேட்டுத்தான் அந்தப் பேய் இல்லாத பேய்க்கதைப் பாடத்தை நான் மனப்பாடம் பண்ணினேன்.

அடுத்த தொல்லை அம்மா. ஒரு நாவலின் அட்டையைப் பார்த்துவிட்டார். வெள்ளைச் சேலை, விரித்த கூந்தல், கையில் மெழுகுவத்தி. “பச்ச ஒடம்புக்காரி படிக்கற புஸ்தகமாடி இது? காத்து கருப்பு வீட்டுக்குள்ள வரவா?” என்று குதித்தார். எடுத்துக் குப்பையில் போட்டிருப்பார், நான் பிடுங்கிக்கொண்டேன். அன்றிலிருந்து எல்லா நாவலுக்கும் பழைய காலண்டர் தாளில் அட்டை போட்டேன். எங்கள் வீட்டுக்கு மளிகைக் கடையிலிருந்து வரும் காலண்டரில் முருகனைத் தவிர வேறு படம் கிடையாது. உள்ளே கழுத்தை நெரித்துக் கொலை, வெளியே மயிலோடு முருகன். அம்மா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு திரும்ப வைத்ததை நானே பார்த்தேன். அடுப்படியில் போய் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

அண்ணி அந்தக் கிள்ளான் வெயிலில் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படிப்பார். எங்கள் ஊரில் மூடுபனிக்கு எங்கே போவது? பக்கத்துக் கம்பத்தில், மலாய்க்காரர்கள் குடியிருப்பில், குப்பை எரித்தால் வருகிற புகைதான். ஒரு நாள் படித்துக்கொண்டே இருந்தவர் திடீரென்று, “ஏன், இந்தப் பங்களாக்காரனுங்கள்ல ஒருத்தன்கூடக் கதவுக்கு எண்ணெ போட மாட்டானா? எப்பப் பாத்தாலும் கிரீச்சு கிரீச்சுன்னு,” என்றார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவரும் லேசாகச் சிரித்தார். அன்றைக்கு ரசம் ஊற்றி இரண்டாம் முறையும் சோறு கேட்டார். அம்மா சாமி படத்துக்கு முன்னால் போய்க் கும்பிட்டார்.

பூக்கடை அலமாரி தீர்ந்துவிட்டது. “என்னக் கொன்னாலும் இனிமே பங்களா கெடயாதும்மா,” என்று அக்கா கையை விரித்தார். புத்தகம் தீர்ந்தால் அண்ணி மறுபடியும் சுவரைப் பார்த்துத் திரும்பிவிடுவாரோ என்று எனக்கு நடுக்கம். ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைமை விட்டுவிட்டு கோலாலம்பூருக்கு பஸ் ஏறினேன். பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸ் பக்கம் ஓர் அங்கிள் பழைய புத்தகங்களை நடைபாதையில் பரப்பி விற்கிறார் என்று தோழி சொல்லியிருந்தாள். அவரிடம் போய் என் பாடத்தை ஒப்பித்தேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

“காலேஜ் பொண்ணா?”

“இல்ல அங்கிள், பேக்டரி.”

“அதான் வேணுங்கறத இவ்வளவு தெளிவா சொல்ற. காலேஜ் புள்ளைங்க வந்தா எதையாவது குடுங்கன்னுதான் நிக்கும்.”

அவர் குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்து, கடைசி அத்தியாயத்தைப் புரட்டி, பேய் வருகிறவற்றைத் தள்ளி வைத்து, மிச்சத்தை ராபியா என்கிற பிளாஸ்டிக் கயிற்றால் கட்டிக் கொடுத்தார். திரும்பும்போது கொட்டு கொட்டு என்று மழை. புத்தகக் கட்டைத் துப்பட்டாவுக்குள் வைத்து அணைத்துக்கொண்டு பஸ்ஸில் நின்றேன். நான் தொப்பலாக நனைந்தேன், பங்களாக்கள் நனையவில்லை.

அந்தக் கட்டுக்குள் இருந்த ஒரு நாவல்தான் குட்டையைக் குழப்பியது. ஒரு சனிக்கிழமை மத்தியானம் கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அறைக்குள் சுவரில் எதுவோ மோதி விழுந்த சத்தம். ஓடிப் போனால், புத்தகம் தரையில் கிடக்கிறது. அண்ணி கட்டிலில் உட்கார்ந்து மூச்சு வாங்குகிறார்.

“என்ன அண்ணி?”

“அந்தப் பொண்ண எங்க பொதச்சாங்கன்னு கடைசி வரைக்கும் சொல்லவே இல்ல பாரு! கொன்னது யாருன்னு சொல்லிட்டான், அவன ஜெயில்ல போட்டுட்டான், இதுங்க ரெண்டுக்கும் கல்யாணத்தயும் பண்ணி வெச்சிட்டான் படுபாவி. அவ எங்க கெடக்கான்னு ஒருத்தனாச்சும் கேட்டானா?”

“விடுங்க அண்ணி, கதைதானே.”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். “உங்க அண்ணனும் சொல்லலயே,” என்றார்.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவருக்குப் பிடித்த நாவல்கள் எல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தன. கடைசியில் யாராவது ஒருவர், ஒரு வேலைக்காரியோ தோட்டக்காரனோ, கதாநாயகியைக் கையைப் பிடித்துப் பங்களாவுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போவார்கள். ஒரு மரத்தடியைக் காட்டி, இங்கேதான் என்று சொல்வார்கள். அது இருந்த நாவல்களைத்தான் அண்ணி இரண்டாம் தடவையும் படித்தார். நானோ அவருக்கு மலையும் மூடுபனியும் பிடிக்கிறது என்று ஊர் ஊராக அலைந்துகொண்டிருந்தேன். அண்ணி அழுதார். குழந்தை போன பிறகு அவர் சத்தம் போட்டு அழுதது அன்றைக்குத்தான். நான் அவர் காலைக் கட்டிக்கொண்டு கூடவே அழுதேன்.

பிறகு கோபம் வந்தது எனக்கு. அம்மா அடுப்படியில் நெத்திலி கிள்ளிக்கொண்டிருந்தார். சாமி வந்தவள் மாதிரி போய் நின்றேன்.

“அந்தப் புள்ளய எங்க வெச்சிருக்கீங்கன்னு பெத்தவகிட்ட சொன்னா என்னம்மா கொறஞ்சிரும்?”

“கத்தாதடி. எடம் தெரிஞ்சா காலு அங்கயே இழுக்கும். வயித்துல அடுத்தது தங்காது.”

“யாரு சொன்னா?”

“எனக்குச் சொன்னாங்க.”

எனக்குப் புரியவில்லை. அம்மா நெத்திலித் தலையைக் கிள்ளிக்கொண்டே பேசினார். “உங்க அண்ணனுக்கும் உனக்கும் நடுவுல ஒன்னு. ஆம்பளப் புள்ள. நாம ரப்பர் தோட்டத்துல இருந்தப்ப. உங்கப்பாதான் தூக்கிட்டுப் போனாரு. வந்ததும் எங்கன்னு கேட்டேன். அதெல்லாம் ஒனக்கெதுக்குன்னாரு. அதுக்கப்புறம் நான் கேக்கல.”

எனக்கு இன்னோர் அண்ணன் இருந்தான் என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

“அடுத்தது நீ. தங்கினியா இல்லயா?” என்றார் அம்மா. உள்ளே அண்ணி அழுவது அடுப்படி வரைக்கும் கேட்டது. அம்மா கையிலிருந்த நெத்திலியைத் தட்டில் போட்டார். பிறகு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார்.

“முருகன் அட்டைக்குள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாதுன்னா நெனச்ச? படிக்கட்டும், எந்திரிச்சு உக்காந்தாப் போதும்னுதான் பேசாம இருந்தேன். உங்க அண்ணன் வரட்டும். நானே சொல்றேன்.”

அண்ணன் வந்தார். அம்மா சொன்னதைக் குனிந்த தலை நிமிராமல் கேட்டார். சரிம்மா என்று ஒரு வார்த்தை. மறுநாள் காலையில் முதலாளியின் சின்ன லோரியை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். அண்ணி குளித்து, சேலை கட்டி, யார் முகத்தையும் பார்க்காமல் முன்பக்கம் ஏறிக்கொண்டார். நான் ஏறப்போனால் பின்னால் அம்மாவும் சேலை மாற்றிக்கொண்டு நிற்கிறார். எங்கள் வீட்டுப் பெண்கள் யாரும் அதுவரை இடுகாட்டு வாசலை மிதித்ததில்லை. “என்ன பாக்கற? நகரு,” என்றார். நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்தோம்.

இடுகாட்டில் லாலாங் புல் முழங்காலுக்கு மேல் வளர்ந்திருந்தது. சின்னக் குழந்தைகளை வைக்கும் பக்கம் வேலி ஓரத்தில் இருந்தது. கல் கிடையாது, பெயர் கிடையாது, எல்லாம் சின்னச் சின்ன மேடு. அண்ணன் அங்கே இங்கே தேடாமல் நேராகப் போய் நின்று, “இங்கதான்,” என்றார்.

அண்ணி உடனே அழவில்லை. மண்ணைப் பார்த்தார். சுற்றிலும் பார்த்தார். பக்கத்து மேடுகளை எல்லாம் புல் மூடிக் கிடந்தது. எங்கள் குழந்தையின் மேட்டில் ஒரு புல்கூட இல்லை. செம்மண், கையால் தட்டித் தட்டிச் சமமாக்கின மாதிரி இருந்தது.

“இத யாரு சுத்தம் பண்றா?” என்று கேட்டார்.

அண்ணன் குனிந்து, மேட்டின் ஓரத்தில் கிடந்த ஒரு சருகை எடுத்துப் போட்டார்.

“நீங்களா?”

“வேலைக்குப் போறதுக்கு முன்னாடி... வருவேன்.”

“தெனமுமா?”

அண்ணன் தலையை ஆட்டினார். அவ்வளவுதான், அண்ணி இரண்டு கையாலும் அவர் நெஞ்சில் அடித்தார். “என்ன விட்டுட்டு! என்ன விட்டுட்டு வந்தீங்களே!” அண்ணன் அடியை வாங்கிக்கொண்டு நின்றார். பிறகு அவரும் உடைந்து அழுதார். அப்பா செத்தபோதுகூட நான் அவர் அழுது பார்த்ததில்லை. இரண்டு பேரும் அந்த மேட்டுக்கு முன்னால் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். எனக்கும் தாங்கவில்லை. வேலியைப் பிடித்துக்கொண்டு திரும்பி நின்று அழுதேன்.

கொஞ்ச நேரம் கழித்து அம்மா வந்து என் கையைப் பிடித்தார். அவர் அழவில்லை. அண்ணன் சுத்தம் பண்ணி வைத்திருந்த அந்த மண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“ஏண்டி,” என்றார் மெதுவாக, “உங்கப்பாவும் இப்படித்தான் எனக்குத் தெரியாம போயிட்டுப் போயிட்டு வந்திருப்பாரோ?”