தலைப்பொங்கலும் கிணற்றில் மிதந்த மாப்பிள்ளையும்

எனக்குக் குளிர் ஆகாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் யாரும் என்மேல் குறைப்படக் கூடாது. திண்டிவனத்தில் ஒரு ஜவுளிக் கடையில் துணி கிழித்துக்கொண்டிருந்த காலம் அது. மார்கழி, தை இரண்டு மாதமும் வெந்நீர் இல்லாமல் முகம்கூடக் கழுவமாட்டேன். அப்படிப்பட்டவன், கல்யாணமான புதிதில் விழுப்புரத்தை அடுத்த காணையில் மாமனார் வீட்டில் உட்கார்ந்துகொண்டு, எங்கள் ஊர் ஏரியில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று அளந்துவிட்டேன். யார் கேட்டார்கள்? யாருமே கேட்கவில்லை. நீச்சல் தெரியும், அதில் பொய் இல்லை. சித்திரை வெயிலில் மட்டும்தான் நீந்துவேன் என்பதைச் சொல்லாமல் விட்டேன்.

தலைப்பொங்கலுக்கு நானும் என் மனைவியும் அங்கே போயிருந்தோம். பொங்கலன்று விடிந்ததும் மாமியார் வெண்கலப் பானையை எடுத்து வெளியே வைத்தார். அவர் கல்யாணத்துக்கு அவருடைய அம்மா கொடுத்தது. இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து வேறு பானையில் அவர் பொங்கல் வைத்ததே இல்லையாம். என் மனைவி அதைக் கழுவுவதற்காகக் கொல்லைக் கிணற்றுக்கு எடுத்துப் போனாள். உள்ளே இறங்கப் படி வைத்த பெரிய இறைவைக் கிணறு. மழை ஓய்ந்த சமயம், தண்ணீர் பாதிக்கு மேல் நின்றது. நான் சும்மா இருந்திருக்கலாம். "குடு, நான் கழுவுறேன்" என்று பிடுங்கி, புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, கிணற்று விளிம்பில் நின்று ஒற்றைக் கையால் தூக்கி அவளுக்கு மினுக்கிக் காட்டினேன். பானை வழுக்கியது. டொபுக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

மாமியார் ஓடிவந்து எட்டிப் பார்த்தார். மாப்பிள்ளையிடம் அவர் நேராகப் பேசமாட்டார். "எந்தப் பக்கம்டி வுழுந்துச்சி?" என்று மகளிடம் கேட்டார். பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். இரண்டு திட்டுத் திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"பத்தரைக்குப் பானை வைக்கணும். அதுக்குள்ள எடுத்துட்டா போதும்," என்றார் மாமனார். "நம்ம மாப்பிளைதான் ஏரியையே கலக்குனவராச்சே."

அது மரியாதையா கிண்டலா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

"எடுத்துடலாம் மாமா. ஒடம்ப மட்டும் கொஞ்சம் சூடு பண்ணிக்கினு எறங்குறேன்," என்றேன்.

அங்கே ஆரம்பித்தது கூத்து. சுக்குக் காப்பி கேட்டேன், வந்தது. மிளகுக் கஷாயம் கேட்டேன், அதுவும் வந்தது. இரும்புச் சட்டியில் கரி நெருப்புப் போட்டு என் காலடியில் வைத்தார்கள். மல்லாட்டை எண்ணெயை, கடலை எண்ணெயைத்தான் அங்கே அப்படிச் சொல்வார்கள், காய்ச்சி உடம்பெல்லாம் தேய்க்கச் சொன்னேன். என் மனைவியின் அண்ணன், அதாவது என் மச்சான், என்னை உருட்டி உருட்டித் தேய்த்தார். அந்தச் சூடு ஆறிவிடக் கூடாதே என்று வீட்டிலிருந்த கம்பளிகளை ஒன்றுவிடாமல் வாங்கிப் போர்த்திக்கொண்டேன். மணி எட்டரை ஆகிவிட்டது. மாமியார் சமையற்கட்டிலிருந்து கிணற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போலாமா மாப்ள?" என்றார் மச்சான்.

"இருங்க மச்சான். சயின்ஸுனு ஒண்ணு இருக்குது," என்றேன். படிப்பகத்தில் ஒரு பத்திரிகையில் படம் பார்த்திருந்தேன். குளிர்ந்த கடலில், முதுகில் காற்று உருளையைக் கட்டிக்கொண்டு மூழ்குகிற வெள்ளைக்காரர்கள். உடம்போடு ஒட்டின ரப்பர் சட்டை போட்டிருந்தார்கள். உள்ளே சூடு தங்குவதற்காகவாம். "ரப்பர் இல்லாம எறங்குனா ஆளு வெறச்சிடுவான்," என்று அடித்துச் சொன்னேன். காணையில் ரப்பருக்கு எங்கே போவார்கள், விஷயம் இதோடு முடிந்தது என்று நினைத்தேன். மச்சான் சைக்கிள் ரிப்பேர் கடை வைத்திருப்பது எனக்கு மறந்தே போயிற்று.

மனுஷன் ஜல்தியாகப் போய்ப் பழைய ட்யூப்களைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்துவிட்டார். நெஞ்சு, வயிறு, தொடை என்று ஓர் இடம் விடாமல் சுற்றிக் கட்டினார். சில்லென்று இருக்கிறது என்று முனகினேன். "காத்து இருந்தாத்தான சூடு நிக்கும்," என்று பம்பை எடுத்து ஒவ்வொன்றாக அடிக்க ஆரம்பித்தார். அதற்குள் பாதித் தெரு கிணற்றைச் சுற்றிக் கூடிவிட்டது. கையை உடம்போடு ஒட்டவைக்க முடியாமல் விரித்துக்கொண்டு படியில் இறங்கினேன். சாமியை வேண்டிக்கொண்டு குதித்தேன்.

குளிரவில்லை. தண்ணீர் கதகதவென்று இருந்தது. "பாத்தீங்களா, சயின்ஸு," என்று கீழேயிருந்து கத்தினேன். ஆனால் உள்ளே போகத்தான் முடியவில்லை. தலையை அமுக்கினால் கால் மேலே வந்தது, காலை அமுக்கினால் வயிறு வந்தது. மச்சான் ஒரு மூங்கில் கழியால் மேலிருந்து என்னை அமுக்கிப் பார்த்தார். நான் அந்தப் பக்கம் போய் எழும்பினேன். என்னைச் சுற்றி எண்ணெய் வட்டம் வட்டமாகப் பரவியது. யாரோ ஒரு பெண் சிரிப்பை அடக்க முடியாமல் உட்கார்ந்தேவிட்டாள்.

"மணி பத்தாவுது," என்றார் மாமனார்.

என் மனைவி படியில் இறங்கி வந்தாள். "ஏங்க, கொஞ்சம் அந்தாண்ட மெதந்துக்கினு போங்க," என்றாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தலைகீழாகப் பாய்ந்தாள். முதல் தடவை வெறுங்கையோடு வந்தாள், இரண்டாவது தடவையும் அப்படித்தான். மூன்றாவது தடவை பானையின் வாய் முதலில் தெரிந்தது, பின்னால் அவள் தலை. பிறந்ததிலிருந்து அவள் நீந்தின கிணறு அது. உனக்கு நீச்சல் தெரியுமா என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

என்னைக் கயிறு போட்டுத் தூக்கினார்கள். "மாப்பிளைக்கு ஜன்னி கண்டுடப் போவுது," என்று நாலு பேர் சேர்ந்து என்னைத் துடைத்தார்கள். மறுபடியும் கம்பளி, மறுபடியும் நெருப்பு, மறுபடியும் சுக்குக் காப்பி. மாமியார் பானையை வாங்கி, காய்ந்த துண்டால் உள்ளும் புறமும் துடைத்து, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அடுப்பண்டை ஓடினார். நேரம் தப்பவில்லை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, வாயெல்லாம் பல்லாக உட்கார்ந்திருந்தேன்.

அப்போதுதான் என் மனைவியைப் பார்த்தேன். கிணற்று மேட்டில் தனியாக நின்று புடவை நுனியைப் பிழிந்துகொண்டிருந்தாள். வயல் காற்று நேராக அவள் மேல் அடித்தது. உதடு நீலம் பாரித்திருந்தது, பல் கடகடவென்று அடித்தது.

"தண்ணி அவ்வளோ சில்லுனா இருந்துச்சி?" என்று கேட்டேன்.

"தண்ணி வெதுவெதுன்னுதான் இருந்துச்சி," என்றாள். "மேல ஏறி வந்தாத்தான் குளுருது."

என்மேல் கிடந்த கம்பளிகளில் ஒன்றை உருவி நீட்டினேன். அதிலிருந்து எண்ணெய் சொட்டியது. தொட்டுப் பார்த்துவிட்டு, "நீங்களே போத்திக்குங்க," என்று சொல்லி அடுப்பண்டை போனாள்.

பால் பொங்கியது. எல்லாரும் பொங்கலோ பொங்கல் என்றார்கள், நானும் சொன்னேன். அவள் மட்டும் ஈரப் புடவையோடு இரண்டு கையையும் அடுப்புக்கு நேராக நீட்டிக்கொண்டு நின்றாள். அவளுக்குப் போர்த்த அந்த வீட்டில் ஒரு கம்பளி இல்லை. எல்லாம் என்மேல் இருந்தன.