மதுரையிலிருந்து வந்த முடிவு

இன்று சிவகாசியில் ரத்தப் பரிசோதனைக்குப் போனேன். "ரிசல்ட் போன்லயே வந்துரும்மா" என்றாள் லேப் பெண்.

1960களில் நான் விருதுநகர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். தாயில்பட்டியிலிருந்து தீக்காயத்தோடு வந்த மாரியம்மாளுக்குக் காய்ச்சல் இறங்கவேயில்லை. ரத்தத்தில் கிருமி கலந்துவிட்டதாக டாக்டர் சந்தேகப்பட்டார். என்ன கிருமி, எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று பார்க்க மதுரைக்குத்தான் ரத்தத்தை அனுப்ப வேண்டும்.

அவள் கணவர் கருப்பையா ரத்தம் எடுத்த பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனார். முடிவு வரும்வரை அங்கேயே காத்துக் கிடந்தார்.

அவர் திரும்பிய அன்று காலையில்தான் மாரியம்மாள் இறந்துபோனாள்.

அது தெரியாமல் வாசலிலேயே என்னிடம் சிரித்தார். "எந்த மருந்துன்னு தெரிஞ்சுபோச்சு சிஸ்டர். இனிமே பொளச்சுக்கிருவாள்ல?"

"உக்காருங்கண்ணே, மொதல்ல தண்ணி குடிங்க" என்றுதான் என் வாயில் வந்தது.

நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?