நீல பக்கெட்டின் மேல் ஒரு நூல்

1. டிபன் மூடியில் கிடந்த ஏஞ்சல்

கிரேஸ் டீச்சர் கதவைத் திறந்தார். வாங்க என்றுகூடச் சொல்லவில்லை. நேராகப் போய் ஃப்ரிட்ஜின் ஃப்ரீசரைத் திறந்து, ஒரு டிபன் டப்பா மூடியை எடுத்துவந்து சாப்பாட்டு மேஜைமேல் வைத்தார். அதில் ஒரு ஏஞ்சல் மீன் விறைத்துக் கிடந்தது. துடுப்பு ஓரமெல்லாம் அரித்துப்போய், வாயைச் சுற்றி வெள்ளைப் பஞ்சு படிந்திருந்தது. வியாழக்கிழமை செத்த மீனை செவ்வாய்க்கிழமை நான் வரும்வரை சாட்சிக்கு எடுத்து வைத்திருக்கிறார். முப்பது வருடம் கணக்குப் பாடம் எடுத்தவர் அப்படித்தான் இருப்பார்.

"இது மூணாவது, மூர்த்தி. ஒவ்வொரு தடவையும் நீங்க வந்துட்டுப் போன ரெண்டு மூணு நாள்ல போகுது. நான் என்னன்னு நினைச்சுக்கறது?"

என்ன நினைத்துக்கொள்கிறார் என்று எனக்குத் தெரியும். இந்தத் தொழிலில் எல்லோரும் நினைப்பதுதான். பழைய மீன் செத்தால்தானே புது மீன் விற்கலாம்?

தாம்பரம், சேலையூர், மேடவாக்கம், கோவிலம்பாக்கம் என்று இந்தப் பக்கத்தில் இருபத்திரண்டு வருடமாக வீட்டு டேங்க் சர்வீஸ் செய்கிறேன். தண்ணீர் மாற்றுவது, கண்ணாடியில் பாசி சுரண்டுவது, ஃபில்டர் கழுவுவது, போன மீனுக்குப் பதில் மீன் கொண்டுவந்து விடுவது. சின்ன வேலைதான். ஆனால் ஒரு வீட்டில் பேர் கெட்டால் அந்தத் தெருவையே மறந்துவிட வேண்டியதுதான்.

டீச்சர் வீட்டு டேங்க் இரண்டரை அடி. அதில் எட்டு ஏஞ்சலும், கண்ணாடியைச் சப்பிக்கொண்டிருக்கும் ஒரு சக்கர் மீனும் இருந்தன. எட்டு, இப்போது ஐந்தாகிவிட்டது. காரணம் தெரியாமல் பதில் மீன் விடவும் எனக்குத் துணிவில்லை. வேறு வீடாக இருந்தால் மீன்தானே என்று விட்டுவிடலாம். இங்கே அப்படி விட முடியாது. டீச்சரின் கணவர் தாமஸ் சாருக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் சரியாக வராது. காலை எழுந்ததும் அவரை டேங்க் முன்னால் நாற்காலியில் உட்கார வைப்பார்கள். சார் இடது கை விரலால் நாற்காலிக் கையில் தட்டித் தட்டி மீன்களை எண்ணுவார். எட்டு வந்தால்தான் இட்லிக்கு வாயைத் திறப்பார். ஏழு வந்த அன்று அவர் சாப்பிடவே இல்லை என்று டீச்சர் சொன்னார்.

2. யாரையும் நம்பாதே

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொண்டிருந்த பாடம் இதுதான்: மீன் பொய் சொல்லாது, வீட்டுக்காரர்கள் சொல்வார்கள்.

கோவிலம்பாக்கத்தில் ஒருவர், ஒரு நாளைக்கு ஒரே வேளைதான் தீனி போடுகிறேன் என்று சத்தியம் செய்தார். தீனி டப்பாவின் வெளியே பேனாவால் ஒரு கோடு போட்டுவிட்டு வந்தேன். ஒரு மாதம் வரவேண்டிய டப்பா பத்து நாளில் காலி. கேட்டால் எறும்பு தின்றிருக்கும் என்கிறார். இன்னொரு வீட்டில் ராத்திரி ஏர் பம்ப்பை நிறுத்துவதே இல்லை என்றார்கள். சுவிட்ச்மேல் ஒரு துண்டு செல்லோ டேப் ஒட்டிவிட்டு வந்தேன். அடுத்த வாரம் டேப்பைக் காணோம். இப்படிப் பிடித்துப் பிடித்து எனக்கு ஒரு திமிரே வந்துவிட்டது. என் மனைவி என்னைச் சந்தேகப் பிராணி என்பாள். தொழிலுக்கு நல்லதுதானே என்பேன்.

மீன் வாங்கும் இடத்தில் இந்தப் புத்தி இன்னும் அதிகம். செவ்வாய்தோறும் விடியற்காலையில் ஸ்கூட்டரில் கொளத்தூர் போய்த்தான் மீன் எடுப்பேன். நான் வழக்கமாக வாங்கும் கடையில், கடைப் பையன்களே வலை போட்டுப் பிடித்து கவரில் ஆக்ஸிஜன் அடித்துக் கொடுப்பார்கள். ஒரு தடவை நோய் பிடித்த மாலி மீன்களை மூலையிலிருந்து வாரி என் தலையில் கட்டிவிட்டார்கள். அன்றோடு சரி. என் வலையை நானே எடுத்துக்கொண்டு போனேன். டேங்க் டேங்க்காக நானே விட்டுப் பார்த்து, நானே பொறுக்கி எடுத்தேன். கடைக்காரர் முகம் சுளித்தார். சுளித்தால் சுளிக்கட்டும் என்று விட்டேன்.

எடுத்த மீன்களோடு வரும் வழியில் டீச்சர் வீடு. செவ்வாய்க்கிழமை அது ஒரு வீடுதான். அங்கே வேலையை முடித்துவிட்டு வீட்டுக்குப் போய், புது மீன்களைத் தொட்டியில் தனியாக விட்டு, வலையையும் டியூபையும் மொட்டைமாடிக் கொடியில் போட்டுவிடுவேன். மற்ற வீடுகளெல்லாம் புதன்கிழமையிலிருந்து.

3. நூல்

டீச்சர் அப்படிக் கேட்ட அன்று முதல் வேலையாகத் தண்ணீரை டெஸ்ட் செய்தேன். அமோனியா இல்லை. குளோரின் இல்லை. நோய் இன்னதென்று எனக்குத் தெரிந்தது. உப்பும் மருந்தும் போட்டால் அடங்கும். அடங்கியும் மறுபடி எங்கிருந்து வருகிறது என்பதுதான் தெரியவில்லை.

அந்த வீட்டில் செல்வி என்று ஓர் அம்மா வேலை செய்தார். பெரும்பாக்கம் குடியிருப்பிலிருந்து தினமும் பஸ் பிடித்து வருவார். வீடு துடைப்பது, பாத்திரம், சாரைத் தூக்கி உட்கார வைப்பது எல்லாம் அவர்தான். சேர்ந்து ஐந்து மாதம். மீன் சாக ஆரம்பித்தும் கிட்டத்தட்ட ஐந்து மாதம். கூட்டிக் கழித்துப் பார்த்ததும் எனக்குப் பொறி தட்டியது.

போதாக்குறைக்கு செல்விக்கும் எனக்கும் ஆகாது. நான் உள்ளே நுழைந்தாலே சத்தம்தான். "அண்ணா, இப்பத்தான் தொட்ச்சிட்டு நிமிர்றேன். ஒன் பை சொட்டிகினே வருது பாரு. வாசல்லேர்ந்து மீன் தொட்டி வரிக்கும் ஒரே ஈரம்." வாரம் தவறாமல் இதே பாட்டு. நான் வருவதே இந்த அம்மாவுக்குப் பிடிக்கவில்லை, ஏதோ இருக்கிறது என்று மனதில் குறித்துக்கொண்டேன்.

டேங்க்குக்கென்று தனியாக ஒரு நீல பக்கெட் வாங்கிக் கொடுத்திருந்தேன். அதில் சோப்போ ஃபினாயிலோ படக்கூடாது என்று ஆயிரம் தடவை சொல்லியிருந்தேன். அன்று கிளம்பும்போது அந்த பக்கெட்டின் மேல் குறுக்கே ஒரு வெள்ளை நூலைக் கட்டி, யாரும் பார்க்காதபடி கைப்பிடிக்குள் முடிச்சுப் போட்டேன். டீச்சரிடம் மட்டும் காதோடு சொல்லி, முடிச்சுப் போடும் விதத்தையும் காட்டினேன்.

அடுத்த செவ்வாய் வந்து பார்த்தால் நூல் அறுந்திருந்தது. பக்கெட் உள்ளே ஈரம். ஐந்து ஏஞ்சல் நான்காகியிருந்தது.

செல்வியைக் கூப்பிட்டுக் கேட்டார் டீச்சர். "தூசியா கீதேன்னு அலம்பி வெச்சேம்மா. வெறும் தண்ணிலதான். அந்தத் தொட்டிக்கு நான் இன்னாத்துக்குமா கெடுதல் பண்ணப் போறேன்? சார் அதப் பாத்துத்தானே துன்றாரு?" என்றார் செல்வி.

டீச்சர் என்னைப் பார்த்தார். அந்த நேரத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். "மாப் போடற பக்கெட் எதுன்னு கேளுங்க டீச்சர்" என்றேன்.

செல்வி மாப்பைச் சுவரில் சாய்த்துவிட்டு, சாரின் வாயோரம் வழிந்ததைத் துடைத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். டீச்சர் நாளையிலிருந்து வரவேண்டாம் என்று சொல்லி வாய் மூடுவதற்குள் கேட் சாத்திய சத்தம் கேட்டது. வண்டியை ஸ்டார்ட் செய்யும்போது எனக்கு ஒரே நிம்மதி. என் பேர் தப்பித்தது. இன்று நினைத்தால் அந்த நிம்மதிதான் எனக்கு அவமானமாக இருக்கிறது.

4. அதே ஈரம்

அடுத்த செவ்வாய் போனபோது டீச்சரே மாப் போட்டுக்கொண்டிருந்தார். வேறு ஆள் கிடைக்கவில்லை. எழுபது வயதில் முட்டியைப் பிடித்துக்கொண்டு துடைக்கிறார். சார் தட்டி முடித்துவிட்டு டேங்க்கைப் பார்க்காமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். மூன்று வந்திருக்கிறது.

செல்வி போய் ஒரு வாரமாகிவிட்டது. நீல பக்கெட்டை அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை டீச்சரே வைத்திருந்தார். பிறகு எப்படி?

நான் டேங்க் பக்கம் நடந்தேன். பின்னாலிருந்து டீச்சர் சலித்துக்கொண்டார். "இப்பத்தான் தொடச்சேன் மூர்த்தி. பாருங்க, வாசல்லேர்ந்து சொட்டிக்கிட்டே வர்றீங்க. செல்வி சும்மா கத்தலைபோல."

திரும்பிப் பார்த்தேன். வாசலிலிருந்து என் கால் வரைக்கும் சொட்டுச் சொட்டாக ஒரு கோடு. ரெக்ஸின் பை, தையல் விட்ட இடத்தில் ஒழுகுகிறது. பையைத் திறந்தால் அடியில் வலை. அன்று விடியற்காலையில் கொளத்தூரில் பத்துப் பன்னிரண்டு டேங்க்கில் விட்டு அலசிய வலை. சுருட்டித் திணித்த வாக்கில் சொதசொதவென்று கிடந்தது. அதை எடுத்துத்தான் வாராவாரம் டீச்சரின் டேங்க்கில் இலைக்குப்பையும் எச்சமும் வாரியிருக்கிறேன்.

வெயிலில் காய்ந்த வலையில் நோய் நிற்காது. ஈர வலை அப்படியில்லை, ஒரு கடையின் நோய் மொத்தத்தையும் சுமந்துகொண்டு வரும். இது எனக்குத் தெரியாத விஷயமா? மற்றவர்களுக்கு வகுப்பே எடுத்திருக்கிறேன். புதன்கிழமை வீடுகளுக்குக் காய்ந்த வலை போனது, அங்கே ஒரு மீனும் சாகவில்லை. செவ்வாய்க்கிழமை வீட்டுக்கு மட்டும் ஈர வலை வந்தது. கடைக்காரனை நம்பாமல் நான் சொந்த வலை எடுத்துப்போக ஆரம்பித்து எத்தனை மாதம் என்று எண்ணினேன். ஐந்து. அந்த வீட்டுக்குள் ஐந்து மாதம் முன்னால் புதிதாக வந்தவை இரண்டு. செல்வியை எண்ணினேன், வலையை எண்ணவில்லை. தன் முதுகு தனக்குத் தெரியாது என்று சும்மாவா சொன்னார்கள்.

டீச்சரிடம் அன்று நான் ஒன்றும் சொல்லவில்லை. மருந்து போட்டேன், கையாலேயே குப்பை எடுத்தேன், கிளம்பிவிட்டேன். அடுத்து மூன்று வாரம் வலையைப் பையில் வைக்காமல் போனேன். மூன்று மீனும் மூன்றாகவே இருந்தன. நிச்சயமாகட்டும் என்றுதான் காத்திருக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உள்ளதைச் சொன்னால், பயம்.

5. பெரும்பாக்கம்

நான்காவது வாரம் பெரும்பாக்கம் போனேன். பிளாக் நம்பர் டீச்சர் எப்போதோ பேச்சுவாக்கில் சொன்னது. விசாரித்து நாலாவது மாடி ஏறினேன். செல்வி கிரில் கேட்டைத் திறக்காமல் உள்ளேயே நின்று பார்த்தார்.

"இன்னா காணாம பூச்சு?" என்றார்.

ஒன்றும் காணாமல் போகவில்லை, தப்பு என்மேல்தான் என்று சொன்னேன். வலை, கொளத்தூர், சொட்டின தண்ணீர் எல்லாவற்றையும் சொன்னேன். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் கேட்டுக்கொண்டார்.

"டீச்சராண்ட சொல்லிட்டியா?"

இல்லை என்றேன்.

"அங்க சொல்லாம இங்க வந்து இன்னாத்துக்குச் சொல்ற? நான் கேட்டுகினு கம்முனு பூடுவேன்னா?"

அதுதான் உண்மை. இவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டால் மனசு லேசாகிவிடும், அங்கே பேரும் கெடாது என்று எனக்குள்ளேயே ஒரு கணக்கு இருந்திருக்கிறது. நாளைக்கே போய்ச் சொல்லிவிடுகிறேன் என்றேன். செல்வி தலையை ஆட்டினார், முடியாது என்று.

"ஒன் பேச்ச எப்டி நம்பறது? இப்பவே போன் போடு. நானும் கேக்கணும்."

ஸ்பீக்கரில் போட்டேன். கிரில் கம்பிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் செல்வி, நடுவில் போன். டீச்சர் எடுத்ததும் எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து சொன்னேன். இரண்டாம் தடவை சொல்வது இன்னும் கஷ்டமாக இருந்தது. பிறகு டீச்சர் கேட்டார், "செல்வி பக்கத்துல இருக்காளா?"

செல்வி இல்லையென்று சொல்லச் சொல்லிக் கையை அசைத்தார். இனிமேல் பொய் சொல்ல எனக்குத் தெம்பில்லை. "இருக்காங்க டீச்சர். பேச விருப்பமில்லைன்னு நினைக்கிறேன்" என்றேன்.

"ஆண்டவரே" என்றார் டீச்சர். "செல்வி, நீ டேங்க்கைத் தொட்டியான்னு நான் ஒரு வார்த்தை சார்கிட்டயாவது கேட்டிருக்கணும். அவர் நாள் பூரா அங்கேயேதான உட்கார்ந்திருக்கார்." பிறகு போனை வைத்துவிட்டார்.

செல்வி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வேறு வேலை கிடைத்துவிட்டதென்றும், சோழிங்கநல்லூரில் ஆபீஸ் ஹவுஸ்கீப்பிங் என்றும் சொன்னார். திரும்பி வரமாட்டேன் என்று அவராகவே சொன்னார். நான் படியிறங்கத் திரும்பியபோது கேட்டார்.

"எத்தினி கீது இப்ப?"

"மூணு."

"சார் துன்றாரா?"

மூன்றுக்குப் பழகிக்கொண்டார், சாப்பிடுகிறார் என்றேன். சரி என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

6. இப்போது

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் இப்போது சொல்வது வேறு. வலை வீட்டுக்கு ஒன்று. வாங்கி அந்த வீட்டு டேங்க் பின்னாலேயே ஆணி அடித்து மாட்டிவிடு. டியூபும் அப்படியே. கடை மீனைத் தொட்ட கையோடு எந்த வீட்டுக்கும் போகாதே. பையை வாசலிலேயே வை. எதையாவது சந்தேகப்பட வேண்டுமென்றால் முதலில் உன் பையைக் கவிழ்த்துக் கொட்டிப் பார். வீட்டில் துடைக்கிறவர் ஏதாவது சொன்னால் நின்று கேள். தரையில் என்ன விழுகிறதென்று அவருக்குத்தான் தெரியும்.

டீச்சர் என்னை நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் ஒருவேளை எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். மூன்று ஏஞ்சலோடு இன்னும் மூன்று சேர்த்தோம், ஒரு மாதம் தனித்தொட்டியில் வைத்துப் பார்த்த பிறகு. சார் இப்போது ஆறு வரை தட்டுகிறார்.

போன செவ்வாய் வேலையை ஆரம்பிக்க டேங்க் மூடியில் கை வைத்தேன். மூடிக்கும் கண்ணாடிக்கும் குறுக்கே ஒரு வெள்ளை நூல், முடிச்சு உள்பக்கமாக. கட்டும் விதம் நான் சொல்லிக்கொடுத்ததுதான். காலைத் தீனி போட்டதும் டீச்சர் கட்டியிருக்கிறார், தான் பார்க்காமல் என் கை தண்ணீரில் படக்கூடாதென்று. மூடியிலிருந்து கையை எடுத்தேன். பிறகு டீச்சரைக் கூப்பிட்டு, நூல் அறுபடாமல் இருக்கிறது, நீங்களே பார்த்து எடுத்துவிடுங்கள் என்றேன். டீச்சர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து, குனிந்து முடிச்சைப் பார்த்துவிட்டு, மெதுவாக அவிழ்த்து எடுத்தார். நான் வேலையை முடித்துக் கிளம்பும்வரை நூலைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றார்.