குச்சியும் முள்ளும்

வண்டியைக் கிளப்புவதற்கு முன் சென்றாயன் டீசல் டேங்க் மூடியைத் திறப்பார். தோலுரித்து வழவழப்பாக்கிய வேப்பங்குச்சியை அடிவரை நேராக விடுவார். வெளியே எடுத்து, ஈரம் நின்ற இடத்தில் கட்டைவிரல் நகத்தைப் பதித்துப் பார்த்துவிட்டு, குச்சியைச் சட்டைக் கையில் துடைப்பார். அவருடைய சட்டைகள் எல்லாவற்றுக்கும் இடது கை மட்டும் கறுப்பு.

கெங்கவல்லிக்காரரான அவர், வெண்ணந்தூர் வெங்கடாசலத்தின் பழைய லாரியில் கோழித்தீவனம் ஏற்றி ஓட்ட வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. முன்பு ஓட்டிய மணிமாறனைப் பற்றி, “அவனுக்குக் கை சுத்தமில்லீப்பா” என்று மட்டும் முதலாளி சொல்லியிருந்தார். சென்றாயனும் நம்பிவிட்டார்.

அன்று பொழுது சாய, ஹெட்லைட் எரிய எரிய வண்டி முதலாளியின் லாரி செட்டுக்குள் நுழைந்தது. வெங்கடாசலம் கேபினுக்குள் எட்டிப் பார்த்தார்.

“ஏனப்பா, காத்தால டேங்க் ரொப்பி உட்டது எங்க போச்சு? டீசல் மீட்டரு முள்ளு படுத்துக் கெடக்குது?”

“முள்ளு பொய் சொல்லுது மொதலாளி. குச்சி உட்டுக் காட்டறேன், வாங்க.”

“கம்பெனிக்காரன் வெச்ச மீட்டரு பொய்யி, உன்ற வேப்பங்குச்சி நெசமா? அத பல்லு வெளக்க வெச்சுக்க. சாவியக் குடு.”

மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். சென்றாயனுக்குக் காது மடல் கொதித்தது. டீசல் திருடன் என்று ஒரு செட்டில் பேர் விழுந்தால் போதும், வேறெந்த செட்டிலும் வண்டி கொடுக்கமாட்டார்கள்.

சாவியைப் பிடுங்கிக் கொடுக்கப் போன சென்றாயன், ஆத்திரத்தில் லைட் சுவிட்சைத் தட்டி அணைத்தார். முள் லேசாக எழுந்தது. மறுபடி போட்டார். படுத்தது.

“லைட்டுக்கும் டீசலுக்கும் இன்னாடா பேச்சு?” என்று முள்ளையே திட்டினார்.

ஸ்பேனரோடு வண்டிக்கடியில் புகுந்தார். டேங்க் மீட்டரின் எர்த் வயரும் பின் லைட்டின் எர்த் வயரும் வண்டியின் சேஸ் சட்டத்தில் ஒரே போல்ட்டில் சேர்ந்திருந்தன. கழற்றினால், அடியில் பளபளவென்று பச்சைப் பெயிண்ட். எஃப்.சி. சோதனைக்காக வண்டிக்குப் பெயிண்ட் அடித்தவன் அவ்வளவு நேர்த்திக்காரன். போல்ட்டைக் கழற்றி, அடியிலும் இரண்டு கோட் பூசி, மறுபடி முடுக்கியிருந்தான். வயர் இரும்பைச் சரியாகத் தொடவே இடமில்லை; லைட்டின் கரண்ட்டும் அந்த அரைகுறைத் தொடுப்பிலேயே போனதும் முள் படுத்துவிடுகிறது.

ஆக்ஸா பிளேடால் சுரண்டினார். யார் முகத்தையோ சுரண்டுவது போலச் சுரண்டினார். வெள்ளையாக இரும்பு தெரிந்ததும் வயரை வைத்து முடுக்கினார். லைட் எரியும்போதே முள் முக்காலுக்கு மேலே போய் நின்றது.

வெங்கடாசலம் தொண்டையைச் செருமினார். “செரி, வயரு கோளாறு. காத்தால வெள்ளன கெளம்பு சாமி.”

“வயரா என்னைத் திருடன்னு சொல்லுச்சு?”

சாவி சீட்டில் விழுந்தது. மேலே வேப்பங்குச்சியும் விழுந்தது.

“நீங்களே வெச்சுக்குங்க. பல்லு வெளக்க.”

துணிப்பையை எடுத்துக்கொண்டு நடந்தார்.

பிறகு சூரமங்கலத்தில் வேறொரு வண்டிக்கு லோடு ஏற்றும்போதுதான், மூட்டை தூக்கிக்கொண்டிருந்த மணிமாறனைப் பார்த்தார். வெங்கடாசலத்தின் லாரிக்குப் பெயிண்ட் அடித்த மறுவாரமே, டீசல் திருடியதாகச் சொல்லித் தன்னை வேலையிலிருந்து இறக்கிவிட்டதாக அவர் சொன்னார்.