முன்கதவும் பின்கதவும் திறந்திருந்த தெரு

வீடு வாங்குவதென்றால் அதை நல்ல மழையில் ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும் என்று சென்னையில் எல்லோரும் சொல்வார்கள். சொன்னவர்களில் எத்தனை பேர் போனார்களோ தெரியாது. நான் போனேன். போன டிசம்பரில், மூன்று நாள் விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு சனிக்கிழமை. அதே மாதிரி கிளம்ப நினைப்பவர்களுக்காக நேரம், செலவு, தூரம் எல்லாவற்றையும் எழுதுகிறேன். மற்றதையும் எழுதுகிறேன், நம்புவது உங்கள் இஷ்டம்.

முதலில் காரணம். நாங்கள் அம்பத்தூரில் இரண்டாவது மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். லிஃப்ட் கிடையாது. அப்பாவுக்கு வாதம் வந்து வலது பக்கம் விழுந்துபோன பிறகு, அப்போதைக்கு எட்டு மாதமாக அவர் கீழே இறங்கியிருக்கவே இல்லை. பேச்சும் குழறும் என்பதால், எங்களைக் கூப்பிட வேண்டுமென்றால் கைத்தடியால் சுவரில் தட்டுவார். இரண்டு தட்டு, கொஞ்சம் நிறுத்தி ஒரு தட்டு. பொங்கலுக்குள் தரைத்தளம் உள்ள வீட்டுக்குப் போய்விடலாம், வாசலில் நாற்காலி போட்டு உட்காரலாம் என்று அவருக்கு வாக்குக் கொடுத்திருந்தேன்.

அந்த வீட்டை ஏப்ரலிலேயே பாரிவாக்கத்தில் பார்த்து வைத்திருந்தேன். பூந்தமல்லி - ஆவடி சாலையிலிருந்து உள்ளே அறுநூறு மீட்டர். தெருவின் ஒரு பக்கம் மட்டும் ஏழு தனி வீடுகள், எதிரில் வெறும் பொட்டல், அதற்கு அப்பால் ஏரிக்கரை. ஏழாவது வீடு விற்பனைக்கு வந்தது. மற்ற ஆறு வீடுகளிலும் முன்கதவுக்கு நேராகப் பின்கதவு இருந்தது, தெருவில் நின்றால் வீட்டுக்குள்ளே பார்வை புகுந்து பின்பக்கத்து வயல் வரை போகும். காற்றோட்டத்துக்கு என்று நினைத்தேன். விற்கிற வீட்டில் மட்டும் பின்கதவைச் செங்கல் வைத்து அடைத்து, உள்பக்கம் பூசி, ஒரு அலமாரி பதித்திருந்தார்கள். பாதுகாப்பு சார் என்றார் புரோக்கர். எனக்கும் அது பிடித்துப்போனது. அந்தச் சுவரை ஒட்டித்தான் அப்பாவின் கட்டிலைப் போடுவதாக மனதுக்குள் முடிவு செய்தேன். வீட்டுச் சொந்தக்காரர் வெளியூர். ஒரு பழைய மர பெஞ்சைத் தவிர உள்ளே ஒன்றுமில்லை.

பேரம் இழுத்து இழுத்து டிசம்பரில்தான் படிந்தது. திங்கட்கிழமை அட்வான்ஸ் கொடுப்பதாகப் பேச்சு. என் மனைவி ரேவதிதான் ஒரே பிடியாக, மழையில் ஒருதரம் பார்த்துவிட்டு வா என்றாள். உண்மையைச் சொன்னால் நான் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டேன். போய்ப் பார்த்தேன் என்று அவளிடம் சொல்வதற்காகத்தான் போனேன்.

காலை 10.10க்கு அம்பத்தூரில் ரயில் ஏறினேன். டிக்கெட் ஐந்து ரூபாய். மழை நாளில் புறநகர் ரயில் ஒரு சுகம், ஜன்னலோரத்தை யாரும் விரும்புவதில்லை, எனக்குக் கிடைத்தது. தொடை வரை நனைந்தேன், அது வேறு விஷயம். 10.24க்கு ஆவடி. ஸ்டேஷன் வாசலில் மழைத்திரை இறக்கியிருந்த ஒரு ஷேர் ஆட்டோவில், எங்கே போகிறது என்று சரியாகக் கேட்காமல் ஏறிக்கொண்டேன். எனக்கு எப்போதுமே அவசரம் அதிகம். இருபது ரூபாய் கொடுத்துத் திரையை விலக்கிப் பார்த்தால் கோவில்பதாகை. போக வேண்டியது தெற்கே, வந்து சேர்ந்தது வடக்கே.

வந்தது வந்துவிட்டோம் என்று அங்கேயே இரண்டு மணி நேரம் சுற்றினேன். இந்தப் பயணத்தின் ஒரே சந்தோஷமான பகுதி இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஏரி கரையைத் தொட்டு நிரம்பி நின்றது. கரைமேல் குடை பிடித்தபடி நாலைந்து குடும்பங்கள் சும்மா தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றன. முனைக் கடையில் வாழைக்காய் பஜ்ஜி நாலு முப்பது ரூபாய், டீ பதினைந்து. என் குடை காற்றில் பின்பக்கமாக மடங்கி இரண்டு கம்பி போனது. பக்கத்திலிருந்த ஃபேன்சி ஸ்டோரில் 280 ரூபாய்க்கு ஒரு நீலக்குடை வாங்கினேன். செருப்பு வார் அறுந்தது அதற்குப் பிறகு. ஊக்கு குத்திச் சமாளித்தேன்.

பாரிவாக்கத்துக்கு அங்கிருந்து பத்து கிலோமீட்டர் சொச்சம். மழையில் பஸ்ஸுக்கு நிற்க மனமில்லாமல் 250 ரூபாய்க்கு ஆட்டோ பேசினேன். டிரைவர் பெயர் தாஸ், ஐம்பது வயதிருக்கும். பருத்திப்பட்டு வரை மழை, ரோடு, பள்ளம் என்று எல்லாவற்றையும் திட்டிக்கொண்டு வந்தார், எனக்கும் பொழுது போனது. எந்தத் தெரு என்று கேட்டார். சொன்னேன். அதோடு பேச்சு நின்றுவிட்டது.

கொஞ்ச தூரம் போய், "இன்னிக்கேவா சார் போவணும்?" என்றார்.

ஏன் என்றேன்.

"இன்னிக்கு உள்ள வண்டி போவாது. முனைல எறக்கி உட்டுர்றேன்."

1.35க்குத் தெருமுனையில் இறங்கினேன். உள்ளே எட்டிப் பார்த்தால் ரோட்டில் தண்ணீரே இல்லை. ஈரம்தான். பேசின காசைக் கொடுத்துவிட்டு, நல்ல ஆள்தான் என்று அவரை மனதுக்குள் திட்டினேன். மழை அப்போது தூறலாகக் குறைந்திருந்தது. ஆனால் மத்தியானம் மாதிரியே இல்லை, சாயங்காலம் ஆறு மணி போல இருட்டிக்கொண்டிருந்தது.

முதல் வீட்டைக் கடக்கும்போது வித்தியாசமாக எதுவும் தோன்றவில்லை. முன்கதவு விரியத் திறந்திருந்தது, பின்கதவும் திறந்திருந்தது, நடுவே கூடத்தில் யாருமில்லை. இரண்டாவது வீடும் அப்படியே. மூன்றாவது வீட்டில்தான் நின்று பார்த்தேன். கூடத்தில் ஒரு பாய்கூட இல்லை, துடைத்து வைத்த மாதிரி இருந்தது. படியில் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்திருந்தது. சுவரில் ஆள் உயரத்தில் ஒரு மாடம், அதில் ஒரு அகல் எரிந்துகொண்டிருந்தது. திரும்பிப் பார்த்தேன், கடந்து வந்த வீடுகளிலும் அதே வெளிச்சம். டிவி சத்தம் இல்லை, குக்கர் சத்தம் இல்லை. ஒரு தெரு முழுக்க எழுந்து எங்கோ போய்விட்ட மாதிரி இருந்தது. பகலில், ஒரு குடியிருப்புத் தெருவில் நான் பயந்தது அதுதான் முதல் தடவை.

ஆறாவது வீட்டில் காற்றுக்கு முன்கதவு ஆடி ஆடிச் சுவரில் இடித்துக்கொண்டிருந்தது. ஆளில்லாத வீடு, எவனாவது உள்ளே போய்விடப் போகிறான் என்று நல்ல எண்ணத்தில் கதவை இழுத்துச் சாத்தினேன். ஃப்ளாட்டிலேயே இருந்து பழகியவன் வேறென்ன செய்வான்.

"நீலக்கொட, கதவ தொறந்து வை."

குரல் தலைக்கு மேலிருந்து வந்தது. நிமிர்ந்தேன். மொட்டை மாடியில் ஒரு பெண், நாற்பது வயதிருக்கும், பிளாஸ்டிக் சாக்கைத் தலையில் மடித்துப் போட்டுக்கொண்டு நின்றாள். அப்புறம்தான் பார்த்தேன். ஆறு வீட்டு மாடியிலும் ஆட்கள் நின்றிருந்தார்கள். ஆணும் பெண்ணும் பிள்ளைகளுமாக முப்பது பேர் இருக்கலாம். பாய், பீரோ, கேஸ் அடுப்பு எல்லாம் தார்ப்பாய்க்கு அடியில் ஏறியிருந்தன. ஒருவரும் பேசவில்லை. நான் தெருமுனையிலிருந்து நடந்து வந்ததை அத்தனை பேரும் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

கதவைத் திறந்து, காற்றில் ஆடாமல் ஒரு கல்லை அணை கொடுத்தேன். மேலே வரச்சொல்லிக் கை காட்டினாள். பக்கவாட்டுப் படி, பத்தொன்பது படிகள், கைப்பிடி கிடையாது. எண்ணியது அப்பா ஞாபகத்தில்.

அவள் பெயர் செல்வி என்பதைப் பிற்பாடு, கீழே இறங்கிய பிறகுதான் சொன்னாள். மாடியில் சொன்னது வேறு. ஏரி நிரம்பி வழிந்தால் உபரித் தண்ணீர் போகிற வழி இதுதான். அவர்கள் தாத்தாக்களின் நிலம், பங்காளிகள் பிரித்துக்கொண்டு வீடு கட்டியபோது, வழியை அடைக்கக் கூடாது என்று கதவுக்கு நேர் கதவு வைத்துக் கட்டினார்கள். ஏரி வழிகிறது என்று கரையிலிருந்து ஆள் வந்து சொன்னதும் சாமானை மாடிக்கு ஏற்றி, விளக்கு வைத்து, கதவுகளைத் திறந்து போட்டுவிடுவார்கள். இரண்டு மூன்று மணி நேரம் வீடு தண்ணீருடையது. அதற்கு இரண்டு கட்டுப்பாடு. கதவைச் சாத்தக் கூடாது. தண்ணீர் போய் முடிகிறவரை யாரையும் பேர் சொல்லியோ முறை சொல்லியோ கூப்பிடக் கூடாது. அதனால்தான் எனக்கு நீலக்கொட என்று பேர்.

கூப்பிட்டால் என்ன என்று கேட்டேன்.

"தன்னதான் கூப்புட்டதா நெனச்சிக்கினு, நாம யார கூப்புட்டமோ அவங்கள தேடிக்கினு இந்தத் தண்ணி போய் பாக்கும்," என்றாள். மழை வருமா என்று கேட்டதற்குப் பதில் சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள்.

நான் சிரிக்கப் பார்த்தேன். சிரிப்பு வரவில்லை.

2.10க்குத் தண்ணீர் வந்தது. வெள்ளம் என்றால் சத்தம் இருக்கும் என்று நினைத்திருந்தேன். இதற்குச் சத்தமே இல்லை. எதிர்ப் பொட்டலில் பழுப்பாக ஒரு விளிம்பு தெரிந்தது, நிதானமாக ரோட்டைத் தாண்டியது, ஒவ்வொரு வாசலாக ஏறி உள்ளே போனது. மாடிச் சுவரைப் பிடித்துக் குனிந்து பார்த்தால் பின்கதவு வழியாக வெளியே வந்து வயலுக்கு இறங்கியது. கெண்டைக்கால் ஆழம்தான். ஒரு பிளாஸ்டிக் குடம் செல்வி வீட்டு முன்வாசலில் நுழைந்து, கொஞ்ச நேரம் கழித்துப் பின்வாசலில் வெளியே வந்து போனது.

ஏழாவது வீட்டைப் பார்த்தேன். கதவு பூட்டியிருந்தது. தண்ணீர் கதவின் அடி இடுக்கு வழியாக உள்ளே போய்க்கொண்டே இருந்தது. பின்பக்கம் ஒரு சொட்டு வரவில்லை.

பத்து நிமிடம் போயிருக்கும். அந்த வீட்டுக்குள்ளிருந்து தட்டுகிற சத்தம் கேட்டது. அடைத்த பின்சுவரிலிருந்து. இரண்டு தட்டு, கொஞ்சம் நிறுத்தி ஒரு தட்டு.

முதலில் காது கொடுத்துக் கேட்டேன். மறுபடி இரண்டு, நிறுத்தி ஒன்று. உள்ளே ஒரு மர பெஞ்சு இருப்பது எனக்குத் தெரியும். மிதந்தால் சுவரில் முட்டும் என்பதும் தெரியும். எல்லாம் தெரிந்தும், எட்டு மாதமாகப் பழகின வாய், சத்தமாக "அப்பா" என்று கூப்பிட்டுவிட்டது.

ஆறு மாடியிலும் அத்தனை தலைகளும் என் பக்கம் திரும்பின. செல்வி என் கையைப் பிடித்தாள். கோபமாகப் பிடித்த மாதிரி இல்லை.

போனை எடுத்து ரேவதிக்கு அடித்தேன். மூன்றாவது ரிங்கில் எடுத்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே, "எங்க இருக்க? இப்பத்தான் மாமா தட்டினாரு. நீ வந்துட்டியான்னு கேக்குறாரு. வாசல்ல நின்னு கூப்பிட்டியாம்," என்றாள்.

மணி 2.24. போனில் அந்த அழைப்பின் பதிவை இன்னும் அழிக்கவில்லை.

தண்ணீர் 4.45 வரை போனது. நான் அங்கேயே நின்றேன், வேறு வழியில்லை. ஏழாவது வீட்டின் தட்டு மட்டும் கடைசி வரை நிற்கவில்லை. வருசா வருசம் தட்டும், அந்தக் கதவை அடைத்த நாளிலிருந்து என்று இறங்கும்போது செல்வி சொன்னாள். வாங்கப் போவது நான்தான் என்று அவளிடம் சொல்லவில்லை. அவள் புரிந்துகொண்டிருப்பாள். கீழே இறங்கியதும் எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள், பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள், சிரித்தார்கள், துடைப்பமும் வாளியுமாக இறங்கிவிட்டார்கள். எனக்கு இஞ்சி டீ கொடுத்தார்கள். அவ்வளவு நல்ல டீயை நான் சமீபத்தில் குடித்ததில்லை.

கரையான்சாவடி வரை இரண்டு கிலோமீட்டர் நடந்தேன், ஒரு கையில் செருப்பு. அங்கிருந்து ஆவடி பஸ் பதினைந்து ரூபாய், ரயில் ஐந்து. 7.20க்கு வீடு. அப்பா விழித்திருந்தார். நல்லா இருக்கா வீடு என்று குழறலாகக் கேட்டார். ரொம்பத் தூரம்ப்பா என்றேன். அவர் முகம் தொங்கிப்போனது. பின்சுவரை இடித்துக் கதவு வைத்துவிடலாம், அதை ரயிலிலேயே யோசித்துவிட்டேன். ஆனால் அந்தத் தெருவில் குடியிருக்கப் பத்தொன்பது படி ஏறத் தெம்பு வேண்டும். படி ஏற முடியாத ஒரு மனிதருக்காகத்தான் நான் அந்த வீட்டைத் தேடினேன். திங்கட்கிழமை புரோக்கரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. ஷேர் ஆட்டோவில் ஏறும் முன் எங்கே போகிறது என்று கேளுங்கள். செருப்பு வேண்டாம், பின்பக்கம் வார் உள்ள ரப்பர் சாண்டல் போடுங்கள். மழை நின்ற மறுநாள் போகாதீர்கள், பெய்யும்போது போங்கள், மதியத்துக்கு மேல் இரண்டு மணி நேரம் அங்கேயே நில்லுங்கள். புரோக்கரை விட்டுவிட்டு ஆட்டோக்காரரைக் கேளுங்கள், எந்தத் தெருவுக்கு அவர் பேச்சை நிறுத்துகிறார் என்று கவனியுங்கள். அடைத்த கதவு இருந்தால் யார் அடைத்தது, ஏன் என்று பக்கத்து வீட்டில் விசாரியுங்கள். திறந்திருக்கும் கதவைச் சாத்தாதீர்கள்.

இதை எழுதலாம் என்று உட்கார்ந்தது நேற்று மத்தியானம். நேற்றும் மழை. இரண்டரை இருக்கும், பக்கத்து அறைச் சுவரில் சத்தம் கேட்டது. இரண்டு, நிறுத்தி ஒன்று. எழுந்து ஓடினேன். அப்பா நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார். கைத்தடி கட்டிலுக்கு அடியில் எட்டாத தூரத்தில் கிடந்தது.

நான் அவரைக் கூப்பிடவில்லை. வாசல் கதவைத் திறந்து வைத்தேன், நேர் எதிரே பால்கனிக் கதவையும் திறந்து வைத்தேன். பிறகு அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அவராகக் கண் விழிக்கும்வரை வாயைத் திறக்காமல் இருந்தேன்.