ஓட்டை இல்லாத கோட்டு

துறைமுகத்தின் மூன்றாவது வாசலுக்கு எதிரே தையல்கடை வைத்திருந்த டெய்லரம்மாவுக்கு யாரையும் நம்பும் பழக்கம் கிடையாது. அளவு கொடுக்க வருகிறவன் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு நிற்கிறானா என்று முதலில் பார்ப்பாள். "மூச்சை விடுங்க சார், அப்புறம் பட்டன் தெறிச்சா என்னைச் சொல்லுவீங்க" என்பாள். வேறு எங்கோ தைத்துக் கெடுத்ததைக் கொண்டுவந்து "நீங்க தைச்சதுதாம்மா, பிரிஞ்சுபோச்சு" என்று எவனாவது தலையில் கட்டிவிடுவான் என்ற பயத்தில், கடையை விட்டு வெளியே போகும் ஒவ்வொரு துணியிலும் இடது அக்குளுக்கு உள்பக்கம் சிவப்பு நூலில் மூன்று தையல் போட்டு அனுப்புவாள். கடை வைத்த இருபத்திரண்டு வருடமாக இதுதான் வழக்கம். தெருவில் அவளுக்கு 'ஊசிக்கண்' என்று பெயர். அது காதில் விழுந்தபோது, "பொட்டைக்கண்ணுன்னு சொல்றதுக்கு இது தேவலை" என்று சொல்லிவிட்டு மெஷினை மிதித்தாள்.

அவளைக் குறை சொல்லவும் முடியாது. கட்டினவன் கப்பலில் வேலை என்று சொல்லிக்கொண்டு ஆறு மாதம், எட்டு மாதம் என்று போய்வருவான். திரும்பி வந்தால் புயல், திமிங்கிலம், நடுக்கடலில் தீ என்று கதை கதையாக அளப்பான். கடைசியில் பார்த்தால் அவன் போனதெல்லாம் பஸ்ஸில் நாற்பது நிமிட தூரம். அங்கே இன்னொரு வீடு, இன்னொரு மனைவி. அவளுக்கும் அதே திமிங்கிலம்தானாம். அவனைத் துரத்திவிட்ட நாளிலிருந்து, கடல் என்று எவன் வாயைத் திறந்தாலும் டெய்லரம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அப்படிப்பட்டவள் பெற்ற ஒரே மகள் போய் யாரை விரும்பினாள்? துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற பையனை. பையன் தங்கம். அவனிடம் ஒரு குறையாவது கண்டுபிடிக்க மூன்று மாதம் முயன்று டெய்லரம்மா தோற்றுப்போனாள். ஆனால் பையனுடைய அப்பா பழைய கடற்படைக்காரர். கப்பலில் கொடி காட்டும் வேலை பார்த்த சாதாரண சிப்பாய்தான். தெருக்காரர்கள் கிண்டலாகக் 'கேப்டன்' என்பார்கள். நாற்பது வருடத்துக்கு முந்தைய போரில் ஒரு குண்டுச்சில்லு அவர் போட்டிருந்த கோட்டைத் துளைத்துக்கொண்டு போனதாம், உடம்பில் கீறல்கூட இல்லையாம். அந்தக் கோட்டு கடற்படை மியூசியத்தில் இருக்கிறதாம். போய்ப் பார்த்துவிட்டு வந்தவர்கள் சிரித்தார்கள். கோட்டு இருக்கிறது, ஓட்டையைத்தான் காணோம்!

"கேப்பையில நெய் வடியுதுன்னா கேக்கிறவளுக்குப் புத்தி வேணாமா?" என்றாள் டெய்லரம்மா மகளிடம். "நானே போய்ப் பாக்கிறேன். பொய்னு தெரிஞ்சா இந்தக் கல்யாணம் கிடையாது. கடல் கதை சொல்றவன் வீட்டுக்கு என் பொண்ணு போக மாட்டா."

மகள் சண்டை போடவில்லை. "நீ வேணாம்னா நான் அவரைக் கட்டிக்கல. ஆனா வேற யாரையும் கட்டிக்கச் சொல்லாதே" என்று மட்டும் சொன்னாள். அந்த அமைதிதான் டெய்லரம்மாவைப் பயமுறுத்தியது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தாயும் மகளும், பையனும் அவன் அப்பாவுமாக நான்கு பேரும் கிளம்பினார்கள். ஒரே டிக்கெட்டில் இரண்டு மியூசியம். முதலில் பழைய பாசறைக் கட்டடத்தில் இருந்த ராணுவ மியூசியம். அங்கே டெய்லரம்மாவுக்கு எதுவும் தேறவில்லை. பீரங்கியை மோந்து பார்த்து, "போன மாசம் அடிச்ச பெயின்ட்" என்றாள். நூறு வருடத்துச் சீருடை ஒன்றின் முன்னால் கண்ணாடியில் மூக்கு ஒட்டுமளவு குனிந்து, "பட்டன் தைச்சிருக்கிறது நைலான் நூல். நூறு வருஷத்துக்கு முன்னால நைலானுக்கு எங்கே போனாங்களாம்?" என்றாள். பையன் சிரிப்பை அடக்கிக்கொண்டான். அவனுடைய அப்பா சிரிக்கவில்லை, பேசவுமில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஓர் அடி பின்தங்கியே நடந்தார். புளுகன் என்றால் வாய் ஓயாது என்பது அவள் அனுபவம். இவர் வாயையே திறக்காதது அவளுக்கு இன்னும் சந்தேகமாக இருந்தது. கள்ளத்தனம் முற்றினால் ஆள் ஊமையாகிவிடுவான் என்று எண்ணிக்கொண்டாள்.

கடற்படை மியூசியம் என்பது ஒரு பழைய போர்க்கப்பல்தான். எஞ்சினைக் கழற்றிவிட்டுக் கரையோரம் கட்டிப் போட்டிருந்தார்கள். இரும்பு ஏணியில் இறங்கினால் குறுகலான நடை, எண்ணெய் வாசனை, இரண்டு பக்கமும் தொங்கும் கித்தான் படுக்கைகள், வயர்லெஸ் அறை, அடுப்படி. அடுப்படி வாசலில் கேப்டன் கொஞ்சம் நின்றார். உள்ளே போகாமல் நகர்ந்துவிட்டார். அதையும் அவள் குறித்துக்கொண்டாள்.

கடைசி அறையில் கோட்டு. ஒரு பொம்மை இரண்டு கையையும் உயரத் தூக்கி, கைக்கொரு கொடி பிடித்து நின்றது. அதன்மேல் பட்டன் போடாமல் திறந்து கிடந்தது கருநீலக் கம்பளிக் கோட்டு. சுற்றிலும் கயிறு. பக்கத்து அட்டையில் நான்கு வரி எழுதியிருந்தது. மூன்றாவது வரிமேல் வெள்ளைத் தாளை ஒட்டி மறைத்திருந்தார்கள்.

"ஒட்டி மறைக்கிற அளவுக்கு என்ன எழுதியிருந்ததாம்?" என்று கேட்டாள். உடனே கயிற்றுக்கடியில் நுழைந்துவிட்டாள். "அம்மா, தொடக்கூடாதும்மா" என்று மகள் கெஞ்சினாள். டெய்லரம்மா தொடவில்லை. கைப்பேசி விளக்கைப் போட்டு, தரையில் குந்தி, பொம்மையின் தூக்கிய கைக்குக் கீழே தலையை விட்டுப் பார்த்தாள். முன்னால், பின்னால், பக்கவாட்டில், எங்கும் ஓட்டை இல்லை. விளக்கு இடது அக்குளுக்கு உள்ளே விழுந்தது. அங்கே சிவப்பு நூலில் மூன்று தையல்.

பிடித்துவிட்டேன் என்ற சந்தோஷம். அது வந்த வேகத்திலேயே, பின்னால் நிற்கும் மகளை எப்படித் திரும்பிப் பார்ப்பது என்ற கலக்கமும் வந்தது. ஆனால் வாய் நிற்கவில்லை.

"இது என் கடையில இருந்து போன கோட்டு" என்றாள் எழுந்து நின்று. "இந்தா என் அடையாளம். நாப்பது வருஷத்துக்கு முந்தின போர்ல போட்ட கோட்டுங்கிறீங்க. நாப்பது வருஷத்துக்கு முன்னால எனக்கு ஊசியில நூல் கோக்கக்கூடத் தெரியாது சார்!"

கேப்டன் கயிற்றைப் பிடித்துக்கொண்டார். "உங்க கடையா?" என்றார். "அப்ப... என்னோட கோட்டு எங்கேம்மா?"

இதை அவள் எதிர்பார்க்கவில்லை.

சத்தம் கேட்டு மியூசியத்துக் காப்பாளர் ஓடிவந்தார். கேப்டன் அவர் பக்கம் திரும்பினார். "ஏழு வருஷமா நான் சொல்றேன், மாத்திட்டாங்கன்னு. நீங்க நம்பல. இப்ப தைச்சவங்களே வந்து சொல்றாங்க, கேளுங்க."

காப்பாளர் பொறுமைசாலி. பதிவேட்டை எடுத்துவந்து பக்கத்தைப் புரட்டினார். "மாத்தவே இல்ல சார். லைனிங் நைஞ்சுபோச்சுன்னு ஏழு வருஷத்துக்கு முன்னால ஒரு ஏஜென்ட் மூலமா வெளியே குடுத்திருக்காங்க. அதே கோட்டுதான் திரும்பி வந்திருக்கு. ஏஜென்ட்டுக்குக் குடுத்த சீட்டு இதோ, படிக்கிறேன். 'கோட்டு ஒன்று. கிழிசல் எல்லாம் சரிசெய்யவும்.' அவ்வளவுதான். ஓட்டை இருந்ததா ஒரு எழுத்து இல்ல. அப்ப இருந்தவங்க யாரும் இப்ப இல்ல. கண்ணுக்குத் தெரியாத ஓட்டையை நாங்க எப்படி அட்டையில எழுதுறது? அதான் அந்த வரியை மறைச்சோம்."

'எல்லாம்' என்ற சொல் டெய்லரம்மாவைப் பிடித்து நிறுத்தியது.

இப்போது ஞாபகம் வந்தது. பழைய கம்பளித் துணிகள் மூட்டையாக வந்த மாதம். ஏஜென்ட் எங்கிருந்து வந்ததென்று சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அவள் நம்பியிருக்க மாட்டாள். ஒரு கருநீலக் கோட்டு. லைனிங் நார்நாராகக் கிழிந்திருந்தது. இடது பக்கம், அக்குளுக்கு ஒரு சாண் கீழே, விரல் நுழைகிற அளவு ஓட்டை, ஓரமெல்லாம் கருகி. எந்தக் குடிகாரன் சிகரெட்டால் சுட்டுக்கொண்டானோ என்று திட்டினாள். மடிப்புக்குள்ளிருந்து அதே கம்பளி இழைகளை உருவி, குறுக்கும் நெடுக்குமாக ஓட்டி, இரண்டு நாள் உட்கார்ந்து அடைத்தாள். முடித்ததும் விரலால் தடவிப் பார்த்தாள்; எங்கே இருந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. வாழ்நாளில் அவள் செய்த இழையோட்டு வேலையிலேயே அதுதான் உசத்தி. அன்றைக்குத் தனக்குத்தானே ஒரு டீ வாங்கிக்கொண்டாள்.

கேப்டன் யாரிடமும் சொல்லாதவர்போல, தரையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். "கை ரெண்டையும் தூக்கிக் கொடி காட்டிக்கிட்டிருக்கேன். அடுப்படியில வேலை பார்த்தவன் எனக்குக் கூட்டாளி. டீ கொண்டுவந்தான். கை காலியில்லையே, வாங்க முடியல. 'முடிச்சிட்டு வாங்கிக்கோ, பின்னால நிக்கிறேன்'னான். கோட்டு காத்துல பறந்துக்கிட்டிருந்தது. கைக்குக் கீழே கோட்டைத் துளைச்சிக்கிட்டுப் போச்சு குண்டுச்சில்லு. எனக்கு ஒண்ணுமில்ல. திரும்பிப் பாத்தா அவன் கிடக்கிறான், டீ குவளை கையிலயே இருக்கு. அவனுக்குன்னு ஒரு போட்டோகூட இல்லம்மா. அந்த ஓட்டை மட்டும்தான் இருந்தது. மாசம் ஒருதரம் வந்து பாத்துட்டுப் போவேன். ஒருநாள் வந்தேன், இல்ல."

பையன் அப்பாவின் தோளில் கை வைத்தான். மகள் டெய்லரம்மாவைப் பார்க்கவில்லை.

வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாம். ஓட்டை இருந்ததென்று இன்றைக்குச் சாட்சி சொல்ல இவரைத் தவிர அவள் ஒருத்திதான். தெருவெல்லாம் சிரித்த சிரிப்புக்குக் காரணம் அவள் கை. அந்தச் சிரிப்பைக் கேட்டுத்தான் அவளே இவரைச் சந்தேகப்பட்டாள்! இருபத்திரண்டு வருடத்தில் ஒரு தையல் தப்பு என்று அவள் யாரிடமும் ஒப்புக்கொண்டதில்லை. அவளுக்கு அவமானமாக இருந்தது, அழுகையும் வந்தது. அழுகையைக் கோபமாக மாற்றிக்கொண்டாள்.

"ஓட்டை இருந்தது" என்றாள். "நான்தான் அடைச்சேன்."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

"சிகரெட் சுட்டதுன்னு நினைச்சேன். கிழிசல் எல்லாம்னு எழுதியிருந்தா எல்லாத்தையும்தானே தைப்பேன்? கோட்டைக் கழட்டிக் குடுங்க. பிரிச்சுக் காட்டறேன்."

"மேலிடத்து அனுமதி இல்லாம..." என்று காப்பாளர் இழுத்தார்.

"அடைக்கும்போது யாருகிட்ட அனுமதி கேட்டேன்? அதே அனுமதிதான் இதுக்கும்."

காப்பாளர் கேப்டனின் முகத்தைப் பார்த்தார். பிறகு கையுறை கொண்டுவந்து கொடுத்து, மேசை விளக்கையும் போட்டுவிட்டு, நடப்பதைப் பதிவேட்டில் எழுத உட்கார்ந்தார்.

டெய்லரம்மாவின் கைப்பையில் ஊசியும் சிறிய கத்தரியும் எப்போதும் இருக்கும். முதலில் லைனிங்கை ஒரு சாண் பிரித்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினாள். கண்ணுக்குப் பிடிபடாதது விரலுக்குப் பிடிபட்டது. ஊசி முனையால் ஓர் இழையைத் தூக்கினாள். அடுத்தது. அடைக்க இரண்டு நாள் ஆனது. பிரிக்கக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. ஒவ்வொன்றும் நறுக்கென்று அறும்போது அவளுக்கு வலித்தது. கடைசி இழையை உருவியதும் கருகிய ஓரத்தோடு அது திறந்துகொண்டது.

கேப்டன் குனிந்தார். தொடவில்லை. உதடு மட்டும் அசைந்தது. ஒரு பெயராக இருக்கலாம்.

பழக்கதோஷம், டெய்லரம்மாவின் விரல்கள் ஓரத்தில் பிசிறிய நூல்களை உள்ளே மடக்கப் போயின. பிசிறு விட்டு ஒரு துணியை அவள் கீழே வைத்ததில்லை. கேப்டன் அவள் கையைத் தடுத்தார்.

"வேணாம்மா. அப்படியே விட்டுடுங்க."

அவள் ஊசியைக் கீழே வைத்தாள்.

"சரி, சம்பந்தி" என்றாள்.