முழுப்பெயர் சொல்லி

“எர்மெனெகில்தோ ரோலோன்!”

நகராட்சி வண்டிக்கொட்டடியின் மாமரத்தடியில் மேசை போட்டு உட்கார்ந்து நிமியா ஒர்ரேகோ கூப்பிடுகிறாள். அவன் வந்து நிற்கிறான். முகத்தை ஏறிட்டுப் பார்த்து, பட்டியலில் பென்சில் கோடு இழுத்து, கூடையிலிருந்து சூடான சீபா ரொட்டி ஒன்றை எடுத்து நீட்டுகிறாள்.

“அக்கா, பெத்த அம்மாவே என்னை இப்படிக் கூப்பிட்டதில்ல. தவளைன்னா போதாதா?”

“தவளைக்குச் சம்பளம் குடுக்க விதி இல்ல. ரொட்டிய வாங்கிட்டு நகரு.”

பராகுவே ஆற்றங்கரையில் இருக்கும் இந்தச் சிறுநகரில் பட்டப்பெயர் இல்லாத ஆள் கிடையாது. பள்ளிக்கூடத்தில் ஒட்டிக்கொள்வது கல்லறைவரை கூடவே போகும். முழுப்பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் போலீஸ்காரரும் நீதிபதியும்தான்.

நிமியா ஊழியர் பிரிவின் தலைவி. தடித்த உடம்பு, வேகமான நடை. கொண்டையில் செருகிய பென்சிலை வேறெங்கோ தேடுவாள். நாற்காலியில் கோட்டை மாட்டிவிட்டு ஆள் காணாமல் போவது நகராட்சியில் பழைய வித்தை. “இப்பத்தான் வெளிய போனார்” என்று பக்கத்து மேசை சொல்லும். நிமியா கோட்டின் தோளில் விரலை ஓட்டிப் பார்ப்பாள். தூசி ஒட்டினால் விரலைப் பக்கத்து மேசைக்குக் காட்டுவாள்.

சம்பளப் பட்டியலில் மட்டும் வாழ்கிறவர்களுக்கு இங்கே பட்டியல்காரர்கள் என்று பெயர். கொட்டடியின் கோடியில் குப்பை லாரி ஒன்று டயர் இல்லாமல் செங்கல் மேல் நிற்கிறது. “அதோ பாரு. அந்த டயரத்தான் மாசாமாசம் தின்னுட்டுப் போறானுங்க” என்பாள்.

போன ஆண்டு நகரசபை தீர்மானம் போட்டது. பட்டியலில் உள்ள ஒவ்வொருவரையும் நேரில் பார்த்து, பெயருக்கு எதிரே நிமியா கையெழுத்திட வேண்டும். பார்க்க முடியாத ஆளுக்குப் போன சம்பளம் அவளிடமிருந்து பிடிக்கப்படும், வேலையும் போகும். மாமரத்தடியில் மேசை போட்டாள். மூன்று பேர் தங்கள் கொட்டடிக்கு வழி விசாரித்துக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். ஒருவன் மேயரின் மைத்துனன். எல்லோர் முன்னாலும் மூவரின் முழுப்பெயரையும் வாசித்து, வாசலைக் காட்டினாள்.

கடைசியில் ஒரு பெயர் மிஞ்சியது. பொலிகார்ப்போ சமூடியோ. உரக்கக் கூப்பிட்டாள். யாரும் அசையவில்லை. அவளுக்கு முந்தியவர் காலத்தில் சேர்ந்த ஆள். கோப்பில் புகைப்படம் இல்லை. ஒன்பது வருடமாக அந்தப் பெயருக்கும் சேர்த்துத்தான் சம்பளத்துக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். வெள்ளிக்கிழமை சபை கூடுகிறது.

“ஆமை, வண்டிய எடு” என்றாள்.

ஆமைதான் அவளை எங்கும் ஏற்றிப் போகிறவன். மாடு குறுக்கே வந்தால் அது படுத்து எழுந்திருக்கும்வரை காத்திருப்பான். மூன்று நாள் தேடினார்கள். இறைச்சிக்கூடம், படகுத்துறை, இடுகாடு. “அப்படி ஒரு ஆளே கிடையாதுக்கா. செத்திருப்பான்” என்று சொல்லிக்கொண்டே, இடுகாட்டில் கல்லறை எழுத்துகளைக்கூடக் குனிந்து படித்தான். வழியில் தெரெரே கலந்து கொடுத்தான். புதினாவும் பனிக்கட்டியும் போட்ட அந்தக் குளிர்ந்த கஷாயம்தான் மூன்று நாளும் அவளுக்குச் சாப்பாடு.

வியாழக்கிழமை, கோப்பிலிருந்த பழைய விலாசம் ஒன்றுதான் பாக்கி. வண்டி வழக்கத்தைவிட மெதுவாகப் போயிற்று.

“அங்க பாலம் உடைஞ்சு கிடக்குக்கா.”

“பரவால்ல, நடந்து போறேன்.”

பாலம் நன்றாகத்தான் இருந்தது. செம்மண் சந்தின் முடிவில், மரவள்ளிக்கிழங்கு சீவிக்கொண்டிருந்த பெண் வண்டியைக் கண்டதும் கத்தியோடு எழுந்து நின்றாள்.

“என்ன பொலிகார்ப்போ, பட்டப்பகல்ல வீட்டுக்கு வர்றே? வேலைய விட்டு அனுப்பிட்டாங்களா?”

நிமியா பின்னால் திரும்பிப் பார்த்தாள். சந்தில் வேறு ஆள் இல்லை. ஆமை வண்டியின் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தான்.

“நீயா?”

“நான்தான்க்கா.”

“அட பாவி, மூணு நாளா உன்னைத் தேடியா உன்கூடச் சுத்தினேன்?”

“முழுப்பேரச் சொன்னீங்களே. அந்த மூணு பேருக்கும் அப்படிச் சொல்லித்தானே வாசலக் காட்டினீங்க? என்னமோ தப்புப் பண்ணிட்டேன்னு நினைச்சேன்.”

எல்லோரையும் மேசைக்கு அழைத்தவள், தினமும் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறவனின் முழுப்பெயர் என்னவென்று கேட்கவே இல்லை. அவன் கண்ணெதிரேதான் இருந்தான். நிமியா வாசல்படியில் உட்கார்ந்தாள். முதலில் மூச்சு வந்தது. சிரிப்பு வர நேரமாயிற்று. வந்த பிறகு நிற்கவில்லை. கத்தியைக் கீழே வைத்த அந்தப் பெண்ணும் என்னவென்று தெரியாமலே சேர்ந்து சிரித்தாள். பிறகு, ஒன்பது வருடம் பழகிய முகத்தின் அடையாள அட்டையை வாங்கி, படத்தையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்த பின்பே கையெழுத்திட்டாள்.

“சபையில இதையும் சொல்லப்போறீங்களா?”

“சொல்லாம? மூணு நாள் டீசல் போயிருக்கே. அதை என் பேர்ல எழுது.”

சொன்னாள். சபை மேசையைத் தட்டிச் சிரித்தது. டீசல் அவள் பேரிலேயே எழுதப்பட்டது.

அதன் பிறகுதான் இந்தத் திங்கட்கிழமை வழக்கம். ஒவ்வொருவரையும் முழுப்பெயர் சொல்லிக் கூப்பிட்டு, கையில் ரொட்டி கொடுக்கிறாள். ரொட்டி அவள் செலவு. முதல் வாரங்களில் ஆட்கள் தயங்கித் தயங்கி வந்தார்கள். இப்போது பெயர் காதில் விழுமுன்பே கை நீள்கிறது.

கூடையில் ஒரே ஒரு ரொட்டி மிஞ்சுகிறது. நிமியா பட்டியலை மடிக்கிறாள். ஆமை வண்டியிலிருந்து இறங்கி வந்து, அந்த ரொட்டியை எடுத்துக்கொண்டு நாலடி பின்வாங்கி, கொட்டடி முழுக்கக் கேட்கும்படி கூப்பிடுகிறான்:

“நிமியா கொன்செப்சியோன் ஒர்ரேகோ!”

ஒவ்வொரு வாரமும் ஒரு கணம் அவள் தோள் குறுகுகிறது. பிறகு கொண்டையிலிருந்து பென்சிலை உருவி மேசைமேல் வைத்துவிட்டு, எழுந்து நின்று கை நீட்டுகிறாள்.